ரோமாபுரியில் எட்டு நாள்

எல்லாச் சாலைகளும் ரோமாபுரிக்கே செல்லும் என்பது பழைய வழக்கு. எங்கள் வீட்டுச் சாலை அங்கே போய்ச் சேர ஐந்து ஆண்டுகள் ஆயின. அப்பா மாதந்தோறும் தனியே எடுத்து வைத்த பணம் 2024-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில்தான் ஐந்து டிக்கெட்டுகளுக்குப் போதுமானதாயிற்று. அப்பா, அம்மா, நான், ஏழாம் வகுப்புப் படிக்கும் தம்பி ஆகிய எங்கள் நால்வருடன் ஐந்தாவதாக வந்தவர் ஆச்சி. உண்மையில் ஆச்சிக்காகத்தான் இந்தப் பயணமே.

ஆச்சி பிறந்து வளர்ந்தது வடக்கன்குளம் பக்கத்தில். நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம், 1745-இல் திருமுழுக்குப் பெற்றது வடக்கன்குளத்தில்தான். 1752-இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமையில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. இந்தியப் பொதுநிலையினரில் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. அந்த நாளில் எங்கள் தெருவிலிருந்து நான்கு பேர் ரோமைக்குப் போய்வந்தார்கள். ஆச்சிக்கு அப்போதுதான் கண் அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது, போக இயலவில்லை. திரும்பி வந்தவர்கள் சொன்ன கதைகளை ஆச்சி இரண்டு வருடம் கேட்டுக்கொண்டிருந்தார். அதே மே 15-இல் ஆச்சியை இராயப்பர் சதுக்கத்தில் நிறுத்திவிட வேண்டும் என்று அப்பா மனத்துக்குள் முடிவு செய்திருந்தார். 2024-இல் அந்தத் தேதி புதன்கிழமையாக அமைந்தது. புதன்கிழமைதோறும் திருத்தந்தை அச்சதுக்கத்தில் மக்களைச் சந்திப்பது வழக்கம்.

மே 12, ஞாயிறு மாலை போய் இறங்கினோம். தெர்மினி என்னும் பெரிய ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு சிறு விடுதியில் தங்கினோம். அப்பாவின் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. காண வேண்டிய இடங்கள் என்று 31 இடங்களை வரிசை எண் போட்டு எழுதியிருந்தார். முடிந்ததும் ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடிக்க வேண்டியது. தோழியரே, வெளியூர் போகும் எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

திங்கட்கிழமை காலை முதலில் கொலோசியம். வெஸ்பாசியன் என்ற பேரரசன் கட்டத் தொடங்கி, அவன் மகன் தீத்து கி.பி. 80-இல் திறந்து வைத்த விளையாட்டு அரங்கம் அது. நீளம் ஏறத்தாழ 188 மீட்டர், அகலம் 156 மீட்டர், உயரம் 48 மீட்டர். சுற்றிலும் தரைமட்டத்தில் 80 வாசல்கள். ஐம்பதாயிரம் பேர் நெரிசலின்றி உள்ளே வந்து வெளியேற வேண்டுமே! அதற்காகப் பெரும்பாலான வாசல்களின் தலையில் ரோம எண்ணைப் பொறித்து வைத்தார்கள். இன்றைக்கும் வடபுறத்து வாசல்களில் அந்த எண்களைப் படிக்கலாம். நம் கடிகாரத்தில் காணும் அதே எண்கள்தாம். தம்பி ஒன்றைப் படித்து இருபத்து மூன்று என்றான், சரியாகவே இருந்தது.

ஆனால் அரங்கின் ஒரு பக்கம் முழு உயரத்துக்கு நிற்க, மறுபக்கத்தில் வெளிச்சுவரே இல்லை. சுவர்களெங்கும் அம்மைத் தழும்பு போலக் குழிகள். "யார் குண்டு போட்டார்கள்?" என்று தம்பி கேட்டான். யாரும் போடவில்லை. 1349-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் தென்புற வெளிச்சுவர் சரிந்தது. சரிந்த கற்களை ஊரார் அள்ளிச் சென்று மாளிகைகளும் கோயில்களும் கட்டினார்கள். புனித இராயப்பர் பேராலயத்துக்கும் இங்கிருந்து கல் போயிருக்கிறது. ரோமர்கள் பெரிய கற்களைச் சாந்து பூசி ஒட்டாமல் இரும்புக் கொளுத்துக்களால் பிணைத்திருந்தார்கள். அந்த இரும்புக்காகப் பிற்காலத்தவர் குடைந்த குழிகளே நாங்கள் கண்ட தழும்புகள். 18-ஆம் நூற்றாண்டில் பதினான்காம் பெனடிக்ட் என்ற திருத்தந்தை இவ்விடத்தைப் புனித இடமாக அறிவித்துச் சிலுவைப் பாதை நிலைகளை அமைத்தார். அதன்பின் கல் எடுப்பது நின்றது. விழ இருந்த ஓரங்களுக்கு 19-ஆம் நூற்றாண்டில் செங்கல்லால் முட்டுச் சுவர் கொடுத்தார்கள்.

அரங்கை அடுத்துப் பழைய மன்றவெளி கிடக்கிறது. பேரரசின் தலைநகரத்து நடுமையம் அது. செனட்டு மண்டபம், கோயில்கள், வெற்றி வளைவுகள் என்று ஒருகாலத்தில் நெருக்கமாக இருந்த இடத்தில் இப்போது ஒற்றைத் தூண்களும் உடைந்த படிகளும். இங்கே பல நூற்றாண்டுகள் மாடு மேய்ந்தது. ஊராரும் அதற்கு 'மாட்டுவெளி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். பளிங்குச் சிலைகளைக்கூடச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டு நீற்றியிருக்கிறார்கள் என்று படித்தபோது அம்மாவுக்கு வயிறு எரிந்தது.

அங்கே ஒரு மூலையை எங்களால் விட்டுவர முடியவில்லை. மக்சென்சியுஸ் மண்டபம் என்னும் பெருங்கட்டடத்தின் அடியில் அதற்கும் முந்திய பண்டகசாலைகளின் சுவர்கள் இருக்கின்றன. தொமீசியன் என்ற பேரரசன் காலத்தில் கட்டிய மிளகுக் கிடங்குகள் அவை. அந்த மிளகு எங்கிருந்து போயிற்று? சேர நாட்டு முசிறியிலிருந்து! இந்தியப் பொருள்களுக்காக ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்தர்ஸ் வெளியே போகிறதே என்று பிளினி என்ற ரோம ஆசிரியர் வருந்தி எழுதியிருக்கிறார். போன பணத்தில் ஒரு பகுதிதான் கரூரிலும் கோயமுத்தூர்ப் பக்கத்திலும் மண்ணுக்குள்ளிருந்து ரோமக் காசாகக் கிடைக்கிறது. நான் இதைச் சொன்னதும் ஆச்சி ஒரு கல்லில் உட்கார்ந்து, "அப்ப ரசம் வெச்சிருப்பாங்களோ?" என்று கேட்டார். ஆச்சி உட்கார்ந்ததை நாங்கள் அப்போது கவனித்திருக்க வேண்டும். அப்பா நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மட்டும் ஒன்பது இடங்கள். மாலையில் திரெவி நீரூற்றுக்குப் போனோம். அங்கே முதுகைக் காட்டி நின்று, வலக்கையால் இடத்தோளுக்கு மேலாக நாணயம் எறிந்தால் மறுபடியும் ரோமைக்கு வருவோம் என்பது நம்பிக்கை. காசைத் தண்ணீரில் எறிவதா என்று ஆச்சி முகம் சுளித்தார். அந்தக் காசு முழுவதையும் வாரி எடுத்துக் கத்தோலிக்கப் பிறரன்புச் சங்கமான காரித்தாஸ் வழியாக ஏழைகளுக்குக் கொடுக்கிறார்கள். அது ஆண்டுக்குப் பத்து லட்சம் யூரோவுக்கும் மேல் சேர்கிறது என்று சொன்னதும், முந்தானையிலிருந்து ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை அவிழ்த்து எறிந்தார். அடுத்துப் போனது ஸ்பானியப் படிக்கட்டு; அதில் 135 படிகள். 2019 முதல் அப்படிகளில் உட்காரத் தடை இருக்கிறது. அதை நாங்கள் ஆச்சிக்கு எடுத்துச் சொல்வதற்குள் அவர் உட்கார்ந்தே விட்டார். காவலர் ஊதல் ஊதினார். ஆச்சி எழுந்த விதத்தைப் பார்த்து அந்தக் காவலரே கைகொடுத்து இறக்கிவிட்டார்.

ரோமையில் தண்ணீருக்கு மட்டும் எங்களுக்குச் செலவே இல்லை. தெருவுக்குத் தெரு இடுப்பளவு உயரத்தில் ஓர் இரும்புத் தூண். அதன் வளைந்த மூக்கிலிருந்து இரவும் பகலும் குளிர்ந்த நீர் விழுகிறது. 'நசோனி' என்று பெயர். 'பெரிய மூக்குகள்' என்று பொருள். 1870-களில் வைக்கத் தொடங்கியவை, இப்போது ஏறத்தாழ 2,500 இருக்கின்றன. மூக்கின் நுனியை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளை வழியாக நீர் வளைந்து பீறிட்டு நேரே வாய்க்கு வரும். இதைத் தம்பி கற்றுக்கொண்ட பிறகு எங்கள் சட்டை காய்ந்ததே இல்லை. இந்த ஊருக்குத் தண்ணீர்ப் பழக்கம் பழையது. கி.மு. 19-இல் அக்ரிப்பா என்பவர் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பெரும்பாலும் நிலத்தடியாகவே ஒரு கால்வாய் கொண்டுவந்தார். அந்தத் தூரம் முழுவதற்கும் இறக்கம் சில மீட்டர்தான். மட்டம் பார்க்கும் கருவி இன்றுபோல் இல்லாத காலத்தில் எப்படித்தான் செய்தார்களோ! இடையிடையே பழுது பார்த்துப் பார்த்து, திரெவி நீரூற்று 1762-இல் முடிந்தபோது அதற்கும் அந்தக் கால்வாயே நீர் தந்தது.

செவ்வாய்க்கிழமை பாந்தியோனுக்குப் போனோம். என் கணக்கில் ரோமையிலேயே வியக்கத்தக்க கட்டடம் இதுதான்.

வெளியே 16 கருங்கல் தூண்கள். எகிப்திலிருந்து கப்பலில் வந்தவை. உள்ளே நுழைந்தால் வட்டமான ஒரே மண்டபம். தலைக்கு மேல் ஒரே குவிமாடம். விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரை உயரமும் அதே 43.3 மீட்டர். அதாவது ஒரு பெரும் பந்தை உள்ளே வைத்தால் தரையையும் தொடும், கூரையையும் தொடும். உச்சியில் ஏறத்தாழ 9 மீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டத் திறப்பு; கண்ணாடியோ மூடியோ கிடையாது. வெளிச்சம் வருவது அதன் வழியாகத்தான். மழையும் அதே வழிதான். விழுந்த மழை வடிய, சற்றே சரிவான தரையில் சிறு துளைகள் உண்டு. அத்ரியான் பேரரசன் காலத்தில் கி.பி. 126-ஐ ஒட்டிக் கட்டி முடித்தது. கம்பி கட்டாத காங்கிரீட்டுக் குவிமாடங்களில் இன்றளவும் உலகில் இதுவே பெரிது.

கம்பியில்லாமல் எப்படி நிற்கிறது? எரிமலைச் சாம்பலையும் சுண்ணாம்பையும் கலந்து ரோமர்கள் செய்த காரை மிக உறுதியானது. அத்துடன் அவர்கள் செய்த இன்னொரு வேலையைக் கவனிக்க வேண்டும். அடியில் கனமான கல்லை உடைத்துக் கலந்தார்கள்; மேலே போகப் போக இலேசான கல்லைச் சேர்த்து, உச்சியருகே நுரைக்கல்லைக் கலந்தார்கள். தடிப்பும் அடியில் 6 மீட்டருக்கு மேல்; உச்சியில் ஒன்றேகால் மீட்டர்தான். உட்புறத்தில் வரிசைக்கு 28 வீதம் ஐந்து வரிசையில் சதுரக் குழிகள் இட்டு மேலும் பளுவைக் குறைத்தார்கள். நடுவிலுள்ள திறப்பும் பளுவைக் குறைக்க உதவுகிறது.

தம்பிக்கு ஒரே கேள்வி. "நேற்றுப் பார்த்ததற்கும் இதற்கும் ஐம்பது வருடம்கூட வித்தியாசம் இல்லை. அது ஏன் பாதி உடைந்தது? இது மட்டும் ஏன் உடையவில்லை?"

அப்பா காரையைப் பற்றி விளக்கத் தொடங்கினார். ஆச்சி குறுக்கிட்டார்: "ஏல, ஆளு பொழங்குற வீடு எப்படில விழும்? நம்ம பழைய வீட்டுல பின்கட்டப் பூட்டிப் போட்டோம், மூணு மழைதான். முன்கட்டு இன்னும் நிக்குல்லா."

அப்பா சிரித்தார். ஆனால் அன்றிரவு நான் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தபோது ஆச்சி சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. பாந்தியோன் முதலில் புறச் சமயத்தாரின் கோயில். கி.பி. 609-இல் போக்காஸ் பேரரசன் அதை நான்காம் போனிபாஸ் என்ற திருத்தந்தைக்குக் கொடுக்க, அவர் அதை அன்னை மரியாளுக்கும் மறைசாட்சியருக்கும் கோயிலாக நேர்ந்தளித்தார். அன்று முதல் அங்கே வழிபாடு நடந்துவருகிறது. ஓவியர் ரபேல் அடக்கமானதும் அங்கேதான். மன்றவெளியில் நிமிர்ந்து நிற்கும் செனட்டு மண்டபமும் ஏழாம் நூற்றாண்டில் கோயிலாக்கப்பட்டதே. அங்கே அந்தோனினுஸ், பவுஸ்தீனா பெயரிலுள்ள பழைய ஆலயத்துக்குள் புனித லோரன்சு கோயில் அமைந்திருக்கிறது. அதன் கதவு இன்று தரைக்கு மேலே பல மீட்டர் உயரத்தில் அந்தரத்தில் தொங்குவதுபோல் நிற்கிறது. கதவு வைத்த காலத்தில் மண் அந்த உயரத்துக்கு மேடிட்டிருந்தது. பின்னால் அகழ்ந்து எடுத்துவிட்டார்கள். அத்ரியான் தனக்குக் கட்டிய கல்லறை கோட்டையாகி, இப்போது காட்சிசாலையாகி நிற்கிறது. மர்செல்லுஸ் நாடக அரங்கின் மேல்தளத்தில் இன்றும் வீடுகள் இருக்கின்றன.

எனினும் ஆச்சியின் கணக்குக்கு அடங்காததும் உண்டு. நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்தந்தீன் கட்டிய பழைய இராயப்பர் கோயில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. அதையே இடித்துத்தான் 1506-இல் இப்போதைய பேராலயத்தைத் தொடங்கினார்கள். பாந்தியோனையும் முழுவதாக விட்டுவைக்கவில்லை. எட்டாம் உர்பன் திருத்தந்தை 1625-இல் அதன் முன்மண்டபத்து வெண்கலத்தைக் கழற்றி உருக்கினார். பெரும்பகுதி பீரங்கியாயிற்று. அவர் குடும்பப் பெயரை வைத்து ரோமை மக்கள் கேலி பேசினார்களாம். இதையெல்லாம் ஆச்சியிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று அவரிடம் போனேன்.

ஆச்சி கட்டிலில் இருந்தார். இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே வீங்கிப் பளபளவென்றிருந்தன. அம்மா வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தார். "அத்தை, ஏன் சொல்லலை?" என்று கேட்டபோது அம்மாவின் குரல் தழுதழுத்தது. "சொன்னா அவன் நோட்டுல அடிக்க முடியாம போயிருமேன்னுதான்" என்றார் ஆச்சி. வாசலில் நின்ற அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள்தான் மே 15. மருத்துவர் வந்து பார்த்து, நெஞ்சுக்குக் கோளாறு இல்லை, நீண்ட விமானப் பயணமும் நடையும் சேர்ந்த வீக்கம்தான், காலை உயர்த்தி வைத்து ஓய்வெடுக்க வேண்டும், நடக்கவே கூடாது என்று சொல்லிச் சென்றார். அப்பா வெளியே போய், கடை அடைக்கும் நேரத்தில் ஒரு சக்கர நாற்காலியை வாடகைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

புதன்கிழமை விடியற்காலையில் புறப்பட்டோம். ரோமையின் தெருக்களில் சக்கர நாற்காலி தள்ளுவது எளிதன்று. சதுரச் சதுரமாகச் செதுக்கிய கருங்கற்களைப் பரப்பியிருக்கிறார்கள். அந்தக் கற்களுக்கு 'சான்பியெத்ரீனி' என்று பெயர். இராயப்பர் சதுக்கத்தின் பெயரால் வழங்குவது. இராயப்பரை இயேசு 'பாறை' என்று அழைத்ததை நாம் அறிவோம். அந்தப் பாறை இப்படித் துண்டு துண்டாக ஊரெல்லாம் கிடந்து ஆச்சியின் முதுகெலும்பைச் சோதித்தது. அப்பா முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் உருட்டக் கற்றுக்கொண்டார்.

சதுக்கம் கடல் போல விரிந்திருந்தது. பெர்னினி என்ற கலைஞர் 17-ஆம் நூற்றாண்டில் அமைத்த 284 தூண்கள் நான்கு வரிசையில், இரு கைகளைப் போல அதை வளைத்து நிற்கின்றன. தரையில் பதித்த ஒரு வட்டக் கல்லின்மேல் நின்று பார்த்தால் நான்கு வரிசையும் ஒரே வரிசையாகத் தெரியும்; ஓரடி நகர்ந்தால் மறுபடியும் நான்காகும். நடுவில் நிற்கும் ஒற்றைக்கல் தூண் எகிப்திலிருந்து வந்தது. முந்நூறு டன்னுக்கு மேல் எடை. நீரோவின் பந்தயத் திடலில் நின்ற அதை 1586-இல் ஏறத்தாழ 900 ஆட்களும் குதிரைகளுமாக வடம் பிடித்து இங்கே நிறுத்தினார்கள். நம் ஊர்த் தேர் இழுப்பைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்வது கடினமில்லை. இராயப்பர் உயிர் நீத்தது அந்தத் திடலில்தான் என்பது மரபு. ஆகவே அவர் இறப்பைப் பார்த்த கல் என்று அதைச் சொல்வார்கள்.

மக்கள் சந்திப்புக்கு நுழைவுச் சீட்டு இலவசம். சக்கர நாற்காலியில் வருவோருக்கு முன்பக்கத்தில் தனி இடம் உண்டு. அதனால் நடந்து வந்திருந்தால் கிடைக்காத இடம் ஆச்சிக்குக் கிடைத்தது. அன்று திருத்தந்தையாக இருந்தவர் பிரான்சிஸ். அவரும் நாற்காலியையும் கைத்தடியையும் நம்பியிருந்த காலம் அது. வண்டி எங்களுக்குச் சற்றுத் தொலைவில் சென்றது. கை உயர்த்தியதைக் கண்டோம். மறையுரையின் சுருக்கம் பல மொழிகளில் வாசிக்கப்பட்டது. தமிழ் அவற்றில் இல்லை. ஆச்சிக்கு ஒன்றும் விளங்கியிராது என்று நினைத்தேன். முடிவில் எல்லாரும் எழுந்து இலத்தீனில் 'பாத்தர் நோஸ்தர்' பாடத் தொடங்கினார்கள். பக்கத்தில் ஒரு குரல் தடையின்றிக் கூடவே பாடியது. ஆச்சி! அறுபதுகளில் தமிழ்ப் பூசை வருவதற்கு முன், சிறுமியாக ஊர்க் கோயிலில் பாடிப் பழகியது. அறுபது ஆண்டுகளாக யாரும் கேட்காததால் எங்களுக்குத் தெரியவில்லை. அச்சதுக்கத்தில் சுற்றிலும் இருந்த பல இளையவர்கள் தாளைப் பார்த்துப் பாட, ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

பேராலயத்துக்குள் சென்றபோது நடுப் பீடத்தின் மேலுள்ள பெர்னினியின் வெண்கல விதானத்தைச் சாரம் கட்டி மூடியிருந்தார்கள். 2025 யூபிலி ஆண்டுக்காகப் பழுது பார்த்துக்கொண்டிருந்தனர். எவ்வளவோ தூரம் வந்து இதைப் பார்க்க முடியவில்லையே என்று அம்மா வருந்தினார். "திருவிழாவுக்கு முந்தி நம்ம கோயில்லயும் சாரம் கட்டத்தான செய்யுவாங்க" என்றார் ஆச்சி. மிக்கேல் ஆஞ்சலோ இருபத்து நான்கு வயதை ஒட்டிச் செதுக்கிய வியாகுலத் தாயின் பளிங்குச் சிலையைக் கண்ணாடிக்கு இப்பால் நின்றுதான் காண முடிந்தது. 1972-இல் ஒருவன் சுத்தியலால் அடித்துச் சிதைத்ததிலிருந்து இந்தக் காப்பு.

அன்று மாலை அப்பா நோட்டை எடுத்து, மீதியிருந்த இடங்களில் ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அடித்துவிட்டார். பார்க்காமலே அடித்த கோடுகள் அவை.

இப்படித்தான் வியாழக்கிழமை, பட்டியலிலேயே இல்லாத ஓரிடம் எங்களுக்குக் கிடைத்தது. விடுதிக்கு அருகே சம்மனசுகளின் மரியன்னை ஆலயம். கி.பி. 306-ஐ ஒட்டி முடிந்த தியோக்கிளேசியனின் வெந்நீர்க் குளிப்பு மண்டபம் அது. 1560-களில் முதுமையடைந்த மிக்கேல் ஆஞ்சலோ அதைக் கோயிலாக மாற்றியமைத்தார். உள்ளே தரையில் சுமார் 45 மீட்டர் நீளத்துக்கு ஒரு வெண்கலக் கோடு சாய்வாக ஓடுகிறது. சுவரின் உச்சியில் ஒரு துளை. அதன் வழியே விழும் சூரிய ஒளி ஒரு தட்டளவு வட்டமாகத் தரையில் ஊர்ந்து வரும். அது கோட்டைத் தொடும் கணமே உண்மையான நண்பகல். பியாங்கினி என்ற அறிஞர் 1702-இல் அமைத்தது. கிரகோரியன் பஞ்சாங்கம் சரியாக இருக்கிறதா, உயிர்ப்புத் திருநாளின் தேதி பிசகாமல் வருகிறதா என்று சோதிக்கவே இக்கோடு. 1846 வரை ரோமையின் கடிகாரங்களை இதைப் பார்த்தே திருத்தினார்கள்.

அந்தப் பஞ்சாங்கம் வந்த கதையில் நமக்குத் தெரிந்த ஒருவர் வருகிறார். 1582-இல் பழைய கணக்கின் பிழையைத் திருத்தப் பத்து நாட்களை நீக்கினார்கள். அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. அந்த இரவில்தான் அவிலாவின் பெரிய தெரசம்மாள் இறந்தார். நாம் அவர் திருநாளை அக்டோபர் 15-இல் கொண்டாடுவதன் காரணம் இதுவே.

நாங்கள் பன்னிரண்டு மணிக்கே போய்க் காத்திருந்தோம். ஒளி வட்டம் கோட்டுக்கு வெகு தொலைவில் நின்றது. கோடு தவறிவிட்டது என்றான் தம்பி. கோடன்று, எங்கள் கடிகாரமே முந்தியிருந்தது. கோடைக்காலத்தில் ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்கிறார்கள். போதாக்குறைக்கு ரோமை அதன் நேர மண்டலத்தின் நடுக்கோட்டுக்குச் சற்று மேற்கே இருக்கிறது. ஆகவே ஒரு மணி தாண்டிச் சில நிமிடங்கள் கழித்தே ஒளி கோட்டைத் தொட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் ஒரே இடத்தில் இருந்தோம். ஆச்சியின் கால் ஒரு பெட்டியின்மேல் நீட்டியிருந்தது. அந்தப் பயணத்தில் குடும்பமாக நாங்கள் அதிக நேரம் பேசிக்கொண்டிருந்தது அங்கேதான்.

வெள்ளிக்கிழமை நாங்கள் மூவர் மட்டும் வத்திக்கான் காட்சிசாலைக்குப் போனோம். சிஸ்தீன் சிற்றாலயத்து விதானத்தை மிக்கேல் ஆஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்தார். படுத்துக்கொண்டு வரைந்தார் என்று பலர் சொல்வார்கள். உண்மையில் சாரத்தின்மேல் நின்று, கழுத்தை அண்ணாந்தே வரைந்தார். நாங்கள் பத்து நிமிடம் அண்ணாந்ததற்கே கழுத்து வலித்தது. சனிக்கிழமை ஆச்சியுடன் பெரிய மரியன்னை பேராலயம். அதன் ஐந்தாம் நூற்றாண்டுக் கண்ணாடிச் சில்லு ஓவியங்களை ஆச்சி நெடுநேரம் பார்த்தார். 2025 ஏப்ரல் 21-இல் திருத்தந்தை பிரான்சிஸ் காலமானபோது, அவரை அடக்கம் செய்தது அந்த ஆலயத்தில்தான். செய்தியில் அதைக் காட்டியபோது ஆச்சி, "நாம உக்காந்த எடம்லா" என்றார்.

மே 19 தூய ஆவியார் பெருவிழா. பாந்தியோனுக்கு ஒருமுறை போயாயிற்று. மறுபடியும் போகலாமா என்று ஆச்சியே கேட்டார். 2023 ஜூலை முதல் அங்கே சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு; 2024-இல் அது 5 யூரோ. பூசைக்கு வருவோருக்குக் கட்டணம் இல்லை. அதிகாலையிலேயே வரிசையில் நின்றோம். காலை பத்தரைப் பூசை. பூசை முடியும் வேளையில் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். குவிமாடத்தின் வெளிப்புறத்தில் தீயணைப்பு வீரர்கள் ஏறியிருந்தனர். உச்சியிலிருந்த வட்டத் திறப்பின் வழியாகச் சிவப்பு ரோஜா இதழ்களைக் கொட்டினார்கள். சீடர்மேல் இறங்கிய அக்கினி நாவுகளுக்கு அடையாளமாம். நாற்பது மீட்டருக்கு மேலிருந்து வருவதால் இதழ்கள் நேரே விழுவதில்லை. ஒளிக்குள் சுழன்று சுழன்று, சில மேலே கூட எழும்பி, மெதுவாக இறங்குகின்றன. ஆச்சியின் மடியில் பத்துப் பதினைந்து விழுந்திருக்கும். தம்பி மட்டும் கீழே குனிந்து தரையிலிருந்த வடிகால் துளைகளை இதழ்களை விலக்கி எண்ணிக்கொண்டிருந்தான். அவன் கணக்கில் 22.

ஊருக்கு வந்த பிறகு ஆச்சி அந்த இதழ்களைப் பழைய செபப் புத்தகத்திலிருந்து எடுத்து, 2022-இல் போய்வந்த நால்வருக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். பாந்தியோனில் பூ விழுந்ததை அவர்கள் பார்க்கவில்லையாம். அதை ஆச்சி மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.